தனியார் ஆராய்ச்சிப் பல்கலைக்கழகமா, திருநெல்வேலிக் கம்பஸா?

உயர்தரப் பெறுபேறு வந்த கிழமையில் யாழ்ப்பாணத்து வீடுகளில் எழும் கேள்விகள் வருடா வருடம் மாறுவதில்லை. இசட் புள்ளி (பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் தரப்படுத்திய புள்ளி) எவ்வளவு, போன வருட வெட்டுப்புள்ளி எவ்வளவு, கம்பஸ் கிடைக்குமா, கிடைக்காவிட்டால் பிள்ளையை எங்கே விடுவது? கடைசிக் கேள்வி எழும்பியவுடன் கனடாவிலிருக்கும் சித்தப்பாவும் நகரத்தில் அலுவலகம் வைத்திருக்கும் முகவரும் பேச்சுக்குள் வந்துவிடுவார்கள்.

இப்போது அந்தப் பேச்சில் 'தனியார் ஆராய்ச்சிப் பல்கலைக்கழகம்' என்ற பெயரும் அடிபடுகிறது. வேலூரில் இருப்பதையும் அப்படித்தான் சொல்கிறார்கள், பொஸ்டனில் இருப்பதையும் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் கட்டணம், சேரும் வழி, உள்ளே போனபின் கிடைப்பது என்று எதிலும் இரண்டும் ஒன்றில்லை. அதனால் ஒவ்வொன்றையும் தனித்தனியே எடுத்து, எங்கள் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், அரச பல்கலைக்கழகத்தில் காசில்லாமல் கிடைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விரும்பிய பாடத்துக்கு அரச பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தவர் முதற்பட்டத்தை இங்கேயே செய்வது நல்லது. தனியார் ஆராய்ச்சிப் பல்கலைக்கழகத்துக்குப் போகத் தகுந்த காலம் அதற்குப் பிறகு, கலாநிதிப் பட்டத்துக்கு. இதற்குப் பெரிய காரணம் காசு. வேறு காரணங்களும் உண்டு. இந்தக் கணக்கு பொருந்தாத பிள்ளைகளும் இருக்கிறார்கள், அவர்களையும் பார்ப்போம்.

அங்கே என்ன நடக்கிறது

அமெரிக்காவில் இந்த வகைப் பல்கலைக்கழகத்துக்கு வழி திறந்தது 1876 இல் பால்ற்றிமோரில் தொடங்கிய ஜோன்ஸ் ஹொப்கின்ஸ். அதற்கு முன் அங்கிருந்த கல்லூரிகளின் முதல் வேலை கற்பிப்பது. ஹொப்கின்ஸ் ஜேர்மன் பல்கலைக்கழகங்களைப் பார்த்து, ஆராய்ச்சி செய்வதையும் ஆராய்ச்சியாளரைப் பழக்குவதையும் தன் முதல் வேலையாக எடுத்துக்கொண்டது. சிக்காகோ, ஸ்டான்போர்ட் எல்லாம் அதே வழியில் வந்தவை. இன்று அமெரிக்காவில் இவற்றைத் தரம் பிரிப்பது கார்னகி வகைப்படுத்தல். ஒரு பல்கலைக்கழகம் ஆண்டுக்குக் குறைந்தது 50 மில்லியன் டொலர் ஆராய்ச்சிக்குச் செலவழித்து, 70 ஆராய்ச்சிக் கலாநிதிப் பட்டங்களும் வழங்கினால் 'ஆர் 1' என்ற உச்ச வகுப்பில் சேரும். 2025 இலிருந்து இதுதான் விதி. ஹொப்கின்ஸ் மட்டும் ஆண்டுக்கு 3 பில்லியன் டொலருக்கு மேல் ஆராய்ச்சியில் செலவழிக்கிறது.

இந்த இரண்டு அளவுகோல்களையும் திரும்ப ஒருமுறை பாருங்கள். முதலாம் வருடப் பிள்ளைக்கு யார் படிப்பிக்கிறார் என்பது இரண்டிலும் இல்லை. அங்கே பேராசிரியருக்கு வேலையும் பதவி உயர்வும் பெரும்பாலும் அவருடைய ஆராய்ச்சியை வைத்துத்தான். பெயர்பெற்ற ஒருவர் முதலாம் வருட வகுப்பை எடுக்காமலே போகலாம். எடுத்தாலும் நூற்றுக்கணக்கானோர் இருக்கும் மண்டபமாக இருக்கும். பயிற்சி வகுப்பையும் விடைத்தாளையும் கலாநிதிப் பட்ட மாணவர்தான் கவனிப்பார்.

அப்படியானால் முதற்பட்டத்துக்குப் போகிறவருக்கு என்ன லாபம்? ஆய்வுகூடத்துக்குள் கால் வைத்தால்தான் லாபம். எம்.ஐ.ரி.யில் 1969 இல் தொடங்கிய ஒரு திட்டத்தின்படி முதலாம் வருடத்திலேயே ஒரு பேராசிரியரின் ஆய்வில் சேர்ந்து, சம்பளத்துக்கோ பாடப் புள்ளிக்கோ வேலை செய்யலாம். வேறு பல பல்கலைக்கழகங்களிலும் இதுபோல ஏற்பாடுகள் உண்டு. ஆகவே 'ஆராய்ச்சி' என்ற சொல்லைப் பெயருக்கு முன்னால் போடும் எந்த இடத்திடமும், அது அமெரிக்காவோ தமிழ்நாடோ, கேட்க வேண்டியது இதுதான்: முதற்பட்ட மாணவர் எந்த வருடத்தில் ஆய்வுகூடத்துக்குள் போகலாம், அதற்குக் காசு கொடுப்பீர்களா, போன வருடம் எத்தனை பேர் போனார்கள்? பதில் மழுப்பலாக வந்தால் அந்தச் சொல் விளம்பரத்துக்கு மட்டும் என்று எடுத்துக்கொள்ளலாம்.

அமெரிக்கக் கல்லூரிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் உள்ள தொடர்பு புதிதில்லை. 1823 இல் வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனரிமார் தொடங்கிய செமினரியின் முதல் அதிபர் டானியல் பூவர், டார்ட்மத் கல்லூரியில் படித்தவர். அந்த செமினரியில் படித்த சிறுப்பிட்டி சி.வை. தாமோதரம்பிள்ளை, சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளில் ஒருவர். கடல் தாண்டிப் பட்டம் வாங்குவது இந்தக் குடாநாட்டில் ஒன்றரை நூற்றாண்டுப் பழக்கம்.

அமெரிக்காவில் முதற்பட்டம்

பெயர்பெற்ற தனியார் பல்கலைக்கழகங்களில் கட்டணம், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சேர்த்து இப்போது ஆண்டுக்கு 80,000 டொலரைத் தாண்டுகிறது. ரூபாயில் இரண்டு கோடிக்கு மேல், அதுவும் ஒரு வருடத்துக்கு. இந்த எண்ணைக் கேட்டவுடனேயே பெரும்பாலான பெற்றோர் கோப்பை மூடிவிடுவார்கள். ஆனால் இது கடையில் தொங்கும் விலைச்சீட்டு, எல்லோரும் இதைக் கொடுப்பதில்லை.

ஹாவர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.ரி., டார்ட்மத் ஆகியவையும், அண்மையில் அவற்றோடு சேர்ந்த பிரௌன், நோட்ர டேம் ஆகியவையும் வெளிநாட்டு மாணவருக்கும் இரண்டு உறுதிகள் தருகின்றன. இடம் கொடுப்பதா என்று தீர்மானிக்கும்போது குடும்பத்தால் காசு கட்ட முடியுமா என்று பார்ப்பதில்லை. இடம் கொடுத்தபின், குடும்பத்தால் கட்ட முடியாத தொகையைப் பல்கலைக்கழகமே போடும், அதுவும் கடனாக இல்லாமல் பெரும்பாலும் உதவித்தொகையாக. பூவர் படித்த டார்ட்மத் இந்த வரிசைக்கு வந்தது 2022 இல். இப்படிச் செய்ய அவர்களுக்குக் காசு எங்கே இருந்து வருகிறது என்றால், நூற்றாண்டுகளாகச் சேர்ந்த நன்கொடை முதலீட்டிலிருந்து. ஹாவர்டின் முதலீடு மட்டும் 50 பில்லியன் டொலருக்கு மேல். மாணவர் கட்டணம் அவர்களுக்கு ஒரு வருமானம் மட்டுமே. எங்கள் ஊர்த் தனியார் நிறுவனத்துக்குப் பெரும்பாலும் அதுதான் முழு வருமானம்.

அதாவது, ஆசிரியர் சம்பளத்தில் ஓடும் ஒரு யாழ்ப்பாணக் குடும்பத்தின் பிள்ளைக்கு ஹாவர்டில் இடம் கிடைத்தால், கொழும்பில் தனியார் பட்டம் படிப்பதைவிட மலிவாக முடியலாம். கிடைத்தால்! இந்த இடங்களில் பெரும்பாலானவை விண்ணப்பிக்கும் நூறு பேரில் ஐந்து பேரைக்கூட எடுப்பதில்லை, எம்.ஐ.ரி. போன்றவற்றில் வெளிநாட்டவருக்கு அதிலும் குறைவு. மூன்று ஏ எடுத்து மாவட்ட முதலிடம் பெற்ற பிள்ளைக்கும் இது நிச்சயமில்லாத கதை. விண்ணப்பித்துப் பார்க்கலாம், வசதியில்லாதவர் விண்ணப்பக் கட்டணத்துக்கு விலக்கும் கேட்கலாம், ஆனால் இதை நம்பி உள்ளூர்ப் பல்கலைக்கழகப் பதிவை விட்டுவிடக் கூடாது.

அடுத்த படியில் ஸ்டான்போர்ட் போன்றவை. வெளிநாட்டவருக்கு உதவி உண்டு, ஆனால் உதவி கேட்கிறீர்கள் என்பதே இடம் கொடுக்கும் முடிவில் ஒரு காரணியாக இருக்கும். அதற்கும் கீழே, நிறைய இடங்கள் திறமைப் புலமைப்பரிசில் என்று ஒரு கழிவு கொடுக்கின்றன. 'அமெரிக்காவில் 20,000 டொலர் ஸ்கொலர்ஷிப்போடு இடம் கிடைத்துவிட்டது' என்று முகநூலில் படம் போடுவார்கள். மிச்சத் தொகை எவ்வளவு என்று அந்தப் படத்தில் இருக்காது. காணி ஈடு வைக்கும் யோசனை தொடங்குவது பெரும்பாலும் இந்தப் படியில்தான்.

காசைவிட யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்குக் கூடுதலாக இடறும் விஷயம் ஒன்றுண்டு. அமெரிக்க விண்ணப்பத்துக்கு ஒன்பதாம் தரத்திலிருந்து நான்கு வருடப் பள்ளிப் புள்ளிகள், இரண்டு ஆசிரியர்களின் பரிந்துரைக் கடிதம், பள்ளியின் சார்பில் ஒரு கடிதம், 650 சொற்களுக்குள் ஒரு தனிக் கட்டுரை எல்லாம் வேண்டும். எங்கள் உயர்தர மாணவரின் உண்மையான வகுப்பறை ரியூட்டரி. அங்கே பிள்ளையைத் தெரிந்த ஆசிரியர் பள்ளி ஆசிரியர் இல்லை. பள்ளியில் இருக்கும் ஆசிரியருக்கு அந்தப் பிள்ளை என்ன கேள்வி கேட்கும், எங்கே தடுமாறும் என்று எழுதத் தெரியாது, ஏனென்றால் பிள்ளை இரண்டாம் வருடத்தில் பள்ளிக்கு வந்ததே குறைவு. 'நல்லொழுக்கமும் திறமையும் மிக்கவர்' என்ற நற்சான்றிதழ் நடை அங்கே ஒன்றுக்கும் உதவாது. உண்மையில் விண்ணப்பிக்க நினைப்பவர் பன்னிரண்டாம் தரத்திலேயே இரண்டு பள்ளி ஆசிரியர்களோடு நெருங்கிப் பழகி, வகுப்புக்குப் போய், ஏதாவது செய்து காட்டியிருக்க வேண்டும். ரியூசன் ஆசிரியர் மேலதிகக் கடிதம் ஒன்று தரலாம், ஆனால் அது பள்ளிக் கடிதத்தின் இடத்தை நிரப்பாது.

இத்தனை தடைக்கும் ஈடாக ஒரு பெரிய வசதி அங்கே இருக்கிறது. இங்கே பதினாறு வயதில் உயிரியல் பிரிவை எடுத்தால் பொறியியலின் கதவு மூடிவிடும். அங்கே பல இடங்களில் இரண்டாம் வருட முடிவில்தான் முதன்மைப் பாடத்தைச் சொல்ல வேண்டும். அம்மாவின் விருப்பத்துக்கு 'பயோ' எடுத்துவிட்டு, இரவில் கணினியோடு இருக்கும் பிள்ளைகள் எங்களிடம் நிறைய. அவர்களுக்கு இது உண்மையான விடுதலை. எதிர்ப்பக்கமும் உண்டு: டொக்டராக வேண்டும் என்று இருப்பவருக்கு அமெரிக்க முதற்பட்டம் சரியான வழியில்லை. மருத்துவம் அங்கே பட்டத்துக்குப் பிந்திய படிப்பு, வெளிநாட்டு மாணவரை எடுக்கும் மருத்துவக் கல்லூரிகளும் குறைவு.

பாக்கு நீரிணைக்கு அப்பால்

பலாலியிலிருந்து சென்னைக்கும் திருச்சிக்கும் விமானம், காங்கேசன்துறையிலிருந்து நாகப்பட்டினத்துக்குக் கப்பல் என்று வந்தபின் தமிழ்நாடு கொழும்பைப் போலக் கிட்டவாகிவிட்டது. சாப்பாடு, மொழி, கோயில் என்று பெற்றோருக்குப் பயம் குறைவு. 1984 இல் பொறியியற் கல்லூரியாகத் தொடங்கி 2001 இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமான (பல்கலைக்கழகத்துக்குச் சமமான தகுதி பெற்ற) வேலூர் வி.ஐ.டி., காட்டாங்குளத்தூர் எஸ்.ஆர்.எம்., தஞ்சாவூர் சாஸ்த்ரா, கோயம்புத்தூர் அமிர்தா என்று பெயர்கள் வரிசையாக வரும். வடக்கே பிலானியில் பிட்ஸ் இருக்கிறது, 1964 இலிருந்து நிகர்நிலை.

வெளிநாட்டு மாணவருக்கு வி.ஐ.டி. போன்ற இடங்களில் நுழைவுத் தேர்வு எழுதாமல் உயர்தரப் பெறுபேற்றை வைத்தே சேர வழி உண்டு. கட்டணமும் தனி, உள்நாட்டவர் கட்டுவதைவிடக் கூட. விளம்பரப் பலகையில் இருக்கும் கட்டணம் உங்களுக்குரியதா என்று முதலில் கேளுங்கள். இந்திய மாணவர் விசாவில் பகுதிநேர வேலை செய்ய முடியாது என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். முழுச் செலவும் வீட்டிலிருந்துதான் போகும்.

ஆராய்ச்சி என்று பார்த்தால், இந்த நிறுவனங்கள் நிறைய ஆய்வுக்கட்டுரைகள் வெளியிடுகின்றன. இந்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசையில் கட்டுரை எண்ணிக்கைக்கும் மேற்கோளுக்கும் புள்ளி உண்டு, அதனால் ஆசிரியருக்கு எழுது எழுது என்று அழுத்தம். அந்த எழுத்தின் பலன் முதற்பட்ட வகுப்புக்குள் எவ்வளவு இறங்குகிறது என்பது துறைக்குத் துறை வேறு. பெரிய வளாகம், பெரிய வகுப்பு, நிறுவனங்கள் வந்து வேலைக்கு ஆள் எடுக்கும் காலம் எல்லாம் அங்கே பலம்தான். ஆனால் அந்த வேலைகள் பெரும்பாலும் இந்தியக் குடிமக்களை மனதில் வைத்தவை. 'பிளேஸ்மென்ட்' வீதத்தைக் காட்டும் முகவரிடம், அதில் இலங்கைக் கடவுச்சீட்டுக்காரர் எத்தனை பேர் என்று கேட்டுப் பாருங்கள்.

இன்னொரு கதவு பலருக்கும் மறந்துபோகிறது. இந்திய அரசு இலங்கை மாணவருக்கு நேரு ஞாபகார்த்தம், ராஜீவ் காந்தி, மௌலானா ஆசாத் என்ற பெயர்களில் புலமைப்பரிசில் கொடுக்கிறது. விவரம் கொழும்பு உயர்ஸ்தானிகராலயத்தில் கிடைக்கும், யாழ்ப்பாணத்தில் 2010 இலிருந்து துணைத் தூதரகமும் இருக்கிறது. இவை பெரும்பாலும் அரசப் பல்கலைக்கழகங்களுக்கே அனுப்புகின்றன. தனியார் பெயருக்காகக் காசு கட்டப் போகிறவர், காசில்லாமல் இன்னும் நல்ல இடத்துக்குப் போக வழி உண்டா என்று முதலில் பார்ப்பது புத்தி.

எந்த வெளிநாடானாலும், திரும்பி வந்து இங்கே வேலை செய்ய நினைப்பவர் அங்கீகாரத்தைப் பார்க்காமல் ஒரு சதமும் கட்டக் கூடாது. எங்கள் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு, பொதுநலவாயப் பல்கலைக்கழகங்களின் தொகுப்பிலோ சர்வதேசப் பல்கலைக்கழகச் சங்கத்தின் தொகுப்பிலோ அந்த நிறுவனத்தின் பெயர் இருக்கிறதா என்று பார்க்கும். மருத்துவம் என்றால் இலங்கை மருத்துவ சபையின் ஏற்பும், திரும்பி வந்தபின் அவர்களுடைய பரீட்சையும் வேறு.

கொழும்பும் கந்தர்மடமும்

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம். இலங்கையில் தனியார் பட்டம் என்றாலே சண்டை. ராகமையில் 1981 இல் தொடங்கிய தனியார் மருத்துவக் கல்லூரியை மாணவர் போராட்டத்துக்குப் பிறகு 1989 இல் அரசு எடுத்தது. மாலபேயிலிருந்த சைட்டம் என்ற தனியார் மருத்துவக் கல்லூரியும் போராட்டங்களோடே முடிந்து, அதன் மருத்துவ மாணவர் 2018 இல் கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகத்துக்கு மாற்றப்பட்டார்கள். நடுவில் மாட்டிக்கொண்டு வருடங்களை இழந்தவர்கள் மாணவர்கள்.

கணினி, வணிகம் போன்ற பாடங்களில் நிலைமை வேறு. 1999 இல் தொடங்கிய எஸ்.எல்.ஐ.ஐ.ரி. (இலங்கைத் தகவல் தொழில்நுட்ப நிறுவனம்) போன்றவை பட்டம் வழங்க அரசின் ஏற்பு பெற்றவை. அதோடு இணைந்த நொதேர்ன் யூனி யாழ்ப்பாணத்துக் கந்தர்மடத்தில் வந்தபின் வீட்டிலிருந்தே போய்வரலாம். இவை நல்ல கற்பித்தல் நிறுவனங்கள். ஆராய்ச்சிப் பல்கலைக்கழகம் என்று யாராவது விற்றால் மட்டும் புருவத்தை உயர்த்துங்கள். உயர்தரத்தில் மூன்று பாடமும் சித்தியடைந்து, அரச இடம் கிடைக்காமல், மென்பொருள் வேலைக்குப் போவதுதான் நோக்கம் என்பவருக்கு இது வேலூரைவிடவும் பொருத்தமாக இருக்கலாம். குறிப்பிட்ட பட்டங்களுக்கு அரசின் வட்டியில்லாக் கடன் திட்டமும் இருக்கிறது. முகவர் அதைச் சொல்லமாட்டார், அதில் அவருக்குக் கமிஷன் இல்லை.

திருநெல்வேலி, கிளிநொச்சி, மற்றவை

பரமேஸ்வராக் கல்லூரி வளவில் 1974 இல் பேராசிரியர் க. கைலாசபதியின் தலைமையில் வளாகமாகத் தொடங்கி, 1979 இல் தனிப் பல்கலைக்கழகமானது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம். மருத்துவ பீடம் 1978 இலிருந்து. பொறியியல், விவசாயம், தொழில்நுட்பம் கிளிநொச்சி அறிவியல் நகரில். படிப்புக்குக் கட்டணம் இல்லை. வசதி குறைந்தவருக்கு மகாபொலவோ பர்சரியோ உதவித்தொகையாக உண்டு.

குறைகளை மறைக்கத் தேவையில்லை. தகுதி பெறுவோரில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்குத்தான் நாடளாவிய அரச பல்கலைக்கழகங்களில் இடம் உண்டு. 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்டம், 5 வீதம் பின்தங்கிய மாவட்டம் என்ற பங்கீட்டில் அரைப் புள்ளிக்கும் குறைவான வித்தியாசம் பாடத்தையே மாற்றிவிடும். பரீட்சைக்கும் முதல் விரிவுரைக்கும் இடையில் ஒரு வருடத்துக்கு மேல் ஓடிவிடுவது வழமை. வேலைநிறுத்தம் வந்தால் இன்னும் இழுபடும். பகிடிவதைக்கு எதிராக 1998 இலேயே சட்டம் வந்தும், நாட்டின் அரச பல்கலைக்கழகங்களில் அது ஒழிந்துவிடவில்லை. மென்மையான பிள்ளையின் பெற்றோருக்கு இது சின்ன விஷயம் இல்லை.

இருந்தும் ஏன் இதை முதலில் வைக்கிறேன்? ஆராய்ச்சி கற்கும் வாய்ப்பு, தேடிப் போனால், இங்கேயும் உண்டு. பௌதிகவியல் துறை சூரியக் கலங்களில் வருடக்கணக்காக வேலை செய்கிறது, நோர்வேப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்த திட்டமும் அதில் உண்டு. குடாநாட்டின் சுண்ணாம்புக்கல் நிலத்தடி நீரில் நைத்திரேற்று எப்படி ஏறுகிறது, சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் எப்படி வந்தது, உவர்நீர் எவ்வளவு தூரம் உள்ளே வருகிறது: இந்தக் கேள்விகளுக்கு மாதிரி எடுக்க வசதியான இடம் பொஸ்டனில் இல்லை, எங்கள் வளவுக் கிணற்றில் இருக்கிறது. வகுப்பு சின்னது என்பதால், ஒரு விரிவுரையாளரிடம் போய் 'சேர், உங்கள் ஆய்வில் நான் என்ன செய்யலாம்' என்று இரண்டாம் வருடத்திலேயே கேட்கலாம். கேட்பவர் குறைவு. அதனால் கேட்பவரின் முகம் அவருக்கு ஞாபகம் இருக்கும்.

விஞ்ஞான பீடத்துக்குப் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மூன்று வருடப் பொதுப் பட்டத்தோடு வெளியே வருவதும் நான்கு வருடச் சிறப்புப் பட்டத்தோடு வருவதும் பின்னால் பெரிய வித்தியாசத்தை உண்டாக்கும். சிறப்புப் பட்டத்துக்குத் தெரிவாக முதல் வருடங்களின் புள்ளிகள் வேண்டும். 'கம்பஸ் கிடைத்துவிட்டது, இனி ஆறுதலாக இருப்போம்' என்று முதலாம் வருடத்தை விடுபவர்கள் இந்த இடத்தில்தான் கதவை இழக்கிறார்கள். ஆய்வேடு எழுதுவது அந்த நான்காம் வருடத்தில், வெளிநாட்டு விண்ணப்பத்தில் முதலில் கேட்பதும் அதைப் பற்றித்தான்.

பட்டத்துக்குப் பிறகு

இங்கே கணக்கு தலைகீழாகிறது. அமெரிக்கத் தனியார் ஆராய்ச்சிப் பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானம், பொறியியல் போன்ற துறைகளில் கலாநிதிப் பட்டத்துக்கு இடம் கிடைத்தால், பொதுவாகக் கட்டணத்தை அவர்களே கட்டி, மாதப்படியும் கொடுப்பார்கள். முன்னணி இடங்களில் அந்தப் படி ஆண்டுக்கு 40,000 டொலரை ஒட்டியோ அதற்கு மேலோ வரும். பதிலுக்கு நீங்கள் ஆய்வு உதவியாளராகவோ கற்பித்தல் உதவியாளராகவோ வேலை செய்வீர்கள். முதலில் சொன்ன பெரிய மண்டபத்தில் விடைத்தாள் திருத்துபவர் நீங்களாக இருப்பீர்கள். முதுமாணி இல்லாமல், நான்கு வருட முதற்பட்டத்தோடு நேரே சேரலாம். ஆறு ஆண்டுகள் ஆகலாம். அந்த ஆறு ஆண்டும் பேராசிரியரின் நேரம், ஆய்வுகூடம், நூலகம் என்று பல்கலைக்கழகத்தின் மையத்தில் இருப்பீர்கள்.

முதற்பட்டத்துக்கு இரண்டு கோடி கேட்ட அதே பல்கலைக்கழகம், இதற்குச் சம்பளம் கொடுக்கிறது. காசு கட்டிப் படிக்கும் முதுமாணிப் பட்டத்தை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. ஒரு வருட, இரண்டு வருட முதுமாணிக்குத் தனியார் பல்கலைக்கழகங்கள் முழுக் கட்டணம் வாங்கும். முகவர்கள் காட்டும் 'எளிதான இடம்' பெரும்பாலும் அதுதான். முதுமாணிதான் வேண்டும் என்றால் கொழும்பிலுள்ள ஃபுல்பிரைட் ஆணைக்குழுவின் புலமைப்பரிசிலைப் பாருங்கள்.

இந்த வழியிலும் ஆபத்து இருக்கிறது. ஆராய்ச்சிக் காசில் பெரும் பகுதி அமெரிக்க அரசிடமிருந்து வருவது. 2025 இல் அரசு கையை இழுத்தபோது, 800 மில்லியன் டொலருக்கு மேல் இழந்த ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் 2,000 க்கு மேற்பட்ட பணியிடங்களைக் குறைத்தது. அவற்றில் பெரும்பாலானவை மற்ற நாடுகளில் நடந்த திட்டங்களில் இருந்தவை. அதே ஆண்டில் வேறு சில பல்கலைக்கழகங்கள் கலாநிதி மாணவர் சேர்க்கையையும் சுருக்கின. விசா விதியும் அடிக்கடி மாறுகிறது. ஆகவே அமெரிக்காவுக்கு மட்டும் விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்காமல், கனடா, அவுஸ்திரேலியா, நோர்வே என்று பரப்பிப் போடுவது நல்லது. அங்கே பெரும்பாலும் அரச பல்கலைக்கழகங்கள்தான், கலாநிதி மாணவருக்கு அதனால் குறை ஒன்றும் இல்லை.

யாருக்கு என் கணக்கு பொருந்தாது? இசட் புள்ளி விரும்பிய பாடத்துக்குப் போதாமல், வேறொரு பாடத்தில் நான்கு வருடம் மனமில்லாமல் இருக்கப் போகிற பிள்ளைக்குப் பொருந்தாது. ஆர்வமில்லாத இலவசப் பட்டம் மலிவில்லை. காணி விற்காமல், கடன் வாங்காமல் இந்தியக் கட்டணம் கட்டக்கூடிய வீட்டுப் பிள்ளை வேலூருக்கோ கோயம்புத்தூருக்கோ போவதிலும் தவறில்லை, துறையையும் அங்கீகாரத்தையும் பார்த்துப் போனால். பள்ளியிலேயே அசாதாரணமாக ஏதாவது செய்தவருக்கு, ஒலிம்பியாட் பதக்கமோ தானே எழுதி ஊர் முழுக்கப் பாவிக்கும் செயலியோ இருப்பவருக்கு, ஹாவர்ட் வரிசையில் விண்ணப்பிக்காமல் விடுவதுதான் வீண். ஆனால் சீதனத்துக்கு வைத்த நகையை அடகு வைத்து, 20,000 டொலர் கழிவோடு ஒரு நடுத்தர அமெரிக்கப் பல்கலைக்கழகத்துக்குப் போவதை என்னால் எந்தப் பக்கத்தாலும் நியாயப்படுத்த முடியவில்லை.

சரி, நாட்காட்டி. அமெரிக்க முதற்பட்டத்துக்கு முன்கூட்டிய விண்ணப்பம் பெரும்பாலும் நவம்பர் தொடக்கத்தில் முடியும், வழமையான விண்ணப்பம் ஜனவரி முதல் கிழமையில். எங்கள் உயர்தரப் பரீட்சை 2024 இலும் 2025 இலும் நவம்பரில் வந்தது. அப்படி வந்தால் இரண்டையும் ஒரே மாதத்தில் செய்ய முடியாது. பரீட்சை எழுதி முடித்து, பல்கலைக்கழகத்துக்குக் காத்திருக்கும் அந்த ஒரு வருடத்தில் செய்வதே வசதி: எஸ்.ஏ.ரி. என்ற அமெரிக்க அனுமதிப் பரீட்சையும் ஆங்கிலப் பரீட்சையும் நடுவில், நிதி உதவிப் படிவம் ஒக்டோபரில், கட்டுரை அதற்கு முன். அமெரிக்க விண்ணப்பத்துக்கு அந்த இடைவெளி வருடம் ஒரு குறையே இல்லை. மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூல் வந்தவுடன் உள்ளூர் விண்ணப்பத்தையும் போட்டுவிடுங்கள். விருப்பத் தெரிவு வரிசையை எழுதும்போது போன வருட வெட்டுப்புள்ளியை அல்ல, உங்கள் விருப்பத்தை முதலில் வையுங்கள். விருப்பப் பாடத்தை மேலே எழுதுவதால் கீழே எழுதிய இடம் கைநழுவிப் போகாது.